584 மீட்டர் இடைவெளி போதுமா?

செயற்கைக்கோள்களுக்கு வரும் மோதல் எச்சரிக்கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. அதைச் சொன்னதும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு பக்கத்தில் வந்தால் பயப்படுவீர்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் தூரத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

2009 பிப்ரவரி 10 அன்று, இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளும், செயலிழந்த ரஷ்யக் கோளான காஸ்மோஸ் 2251-ம் சைபீரியாவுக்கு மேலே, ஏறத்தாழ 790 கி.மீ. உயரத்தில் மோதிக்கொண்டன. மோதிய வேகம் வினாடிக்கு 11 கி.மீ.க்கும் மேல். பொதுவெளியில் கிடைத்த கணிப்போ, இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் கடந்துபோகும் என்றது. நெருங்கிக் கடக்கப்போகும் கோள்களின் அன்றைய பட்டியலில் அதைவிட நெருக்கமானவை வேறு இருந்தன. அவையெல்லாம் ஒன்றும் ஆகாமல் கடந்துவிட்டன. மோதியவை மட்டும் கண்காணிக்கக்கூடிய அளவிலேயே 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகளை விட்டுச் சென்றன.

கணக்குப் போட்டதில் தப்பில்லை. கையில் இருந்த பாதைத் தரவே ஒரு கிலோமீட்டர் வரை முன்னே பின்னே இருக்கக்கூடியது. அதை வைத்துக்கொண்டு 584 மீட்டர் என்றால், அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

ஒரு ரேடார் ஒரு பொருளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. அது தலைக்கு மேலே போகும் சில நிமிடங்கள்தான் பிடிபடும். மற்ற நேரத்துக்கெல்லாம் கணிப்புதான். அதனால் நாங்கள் ஒரு பொருளைப் புள்ளியாகப் பார்ப்பதில்லை. அது இருக்கக்கூடிய இடத்தைச் சுற்றி நீண்டு மெலிந்த ஒரு சுருட்டு வடிவத்தை வரைந்துகொள்கிறோம். அது நீள்வது பயணத் திசையில். மேலே இருக்கும் மெல்லிய காற்றின் இழுவைதான் முக்கியக் காரணம். சூரியன் சீறினால் வளிமண்டலம் உப்பும், இழுவை கூடும், பொருள் வர வேண்டிய நேரம் மாறும். ஒரு வினாடி மாறினாலே 7.5 கி.மீ. தள்ளிப்போய்விடும். 2022 பிப்ரவரியில் தாழ்வான பாதையில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் சேவைக் கோள்களில் 40 வரை ஒரு காந்தப் புயலில் பறிபோனதும் இந்த இழுவையால்தான்.

அதனால் தூரத்தோடு மோதல் நிகழ்தகவையும் பார்ப்போம். பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் கோளை நகர்த்துவது பரவலான வழக்கம். இதிலும் ஒரு பொறி உண்டு. சுருட்டு மிகப் பெரிதாக இருந்தால் நிகழ்தகவு சிறிதாகிவிடும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் பொருள் எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாததால் வந்த நிம்மதி அது. புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பொருளைக் கடைசியாக எப்போது ரேடார் பார்த்தது என்று பாருங்கள்.

எச்சரிக்கை சில நாள் முன்பே வந்துவிடும். புதிய அளவீடுகள் சேரச் சேர, பெரும்பாலானவை தானாக அடங்கும். அடங்காத ஒன்றிரண்டுக்குத்தான் தூக்கம் கெடும். நகர்த்துவது என்றால் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம் கூட்டினால் போதும், பன்னிரண்டு மணி நேரத்தில் கோள் பழைய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விலகியிருக்கும். அதுவும் பின்பக்கமாக! வேகம் கூடினால் பாதை உயர்கிறது, சுற்ற நேரம் அதிகமாகிறது, கோள் பின்தங்குகிறது. முதல் தடவை கேட்பவர் யாரும் இதை நம்புவதில்லை.

சரி, நகர்த்தியாயிற்று. அப்புறம் புதுப் பாதையில் வேறு யாராவது குறுக்கே வருகிறார்களா என்று மறுபடி சரிபார்க்க வேண்டும். எதிரே வருவதும் இயங்கும் கோள் என்றால் இன்னும் சிக்கல். யார் ஒதுங்க வேண்டும் என்று எல்லாரையும் கட்டுப்படுத்தும் சாலை விதி அங்கே கிடையாது. மின்னஞ்சல் அனுப்பிப் பேசித்தான் முடிவு செய்கிறோம். கோள் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நகர்த்தப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். ஆயுள் முடியும்போது கீழே இறக்குவதற்கான எரிபொருளில் கை வைக்காதீர்கள்.

இவ்வளவும் ரேடாருக்குத் தெரிபவற்றுக்கு மட்டும்தான். பூமிக்கு அருகிலுள்ள தாழ்வான பாதைகளில், கண்காணிப்புப் பட்டியலில் இருப்பவை பொதுவாக 10 செ.மீ.க்கு மேற்பட்டவை. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியவை பத்து லட்சத்துக்கும் மேல் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. அவற்றுக்கு எச்சரிக்கையே வராது. 2016 ஆகஸ்டில் சென்டினல்-1ஏ கோளின் சூரியத் தகட்டில் ஒரு சிறு துகள் மோதியது. மின்சாரம் திடீரென்று குறைந்ததை வைத்துத்தான் சந்தேகம் வந்தது, கோளிலிருந்த கேமராதான் சேதத்தைக் காட்டியது.

தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத நாளும் உண்டு. 2024 பிப்ரவரி 28 அன்று நாசாவின் டைம்ட் கோளும் ரஷ்யாவின் காஸ்மோஸ் 2221-ம் சுமார் 600 கி.மீ. உயரத்தில் நெருங்கின. இரண்டையுமே நகர்த்த வழியில்லை. கடக்கும் நேரம் வரை காத்திருந்து, பிறகு பாதுகாப்பாகக் கடந்துவிட்டன என்று நாசா அறிவித்தது. பின்னால் கணக்கிட்டுப் பார்த்தபோது இடைவெளி 20 மீட்டர்கூட இல்லை.