கூரையில் இருக்கும் வெள்ளைக் கருவி: வீட்டுத் தீ எச்சரிக்கை விதியும் வீட்டுக்குள் மூட்டும் நெருப்பும்

வெள்ளிக்கிழமை மாலை. அம்மா சாம்பிராணித் தட்டோடு வரவேற்பறையைத் தாண்டியதும் கூரையிலிருந்த வெள்ளைக் கருவி, அதாவது புகையை உணர்ந்தால் ஒலி எழுப்பும் தீ எச்சரிக்கைக் கருவி, வீல் என்று கத்தியது. யாரோ நாற்காலி போட்டு ஏறி, திருகிக் கழற்றி, இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் கத்தரிக்கோல் தேடும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. அந்த மூன்று வாரமும் அடுப்பில் எண்ணெய் காய, நாங்கள் பாட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அந்தக் கருவி யாருக்குக் கட்டாயம்? சிங்கப்பூரில் தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி, 2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டப்படும் எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும். பழைய வீடாக இருந்தாலும், படையிடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டிய தீப்பாதுகாப்புப் பணி ஏதாவது செய்தால் அப்போது பொருத்தியாக வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடுகளில் அரசாங்கமே பொருத்தித் தரும் ஏற்பாடு உண்டு. மற்றபடி பழைய வீட்டில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் இல்லை, பொருத்தச் சொல்லிப் பரிந்துரைக்கிறார்கள். ‘கட்டாயம் இல்லைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். பழைய வீடுகளில்தான் வயதானவர்கள் அதிகம், சாமான்களும் அதிகம்.

பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: கருவி கத்தினால் தீயணைப்பு வண்டி தானாக வந்துவிடும் என்று. வராது. வீட்டுக்குப் பொருத்தும் சாதாரணக் கருவி தனியாக இயங்குவது. அது உங்களை எழுப்பும், அவ்வளவுதான். 995க்கு அழைப்பது நீங்கள்தான். புளோக் எண், மாடி, வீட்டு எண் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி தனியாக இருக்கும் நேரம் உண்டு என்றால், இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

பெரும்பாலான கருவிகளின் உள்ளே ஒரு சின்ன இருட்டு அறை, அதில் ஓர் ஒளிக்கற்றை. புகை நுழைந்ததும் ஒளி சிதறி உணர்கருவி மேல் விழும், உடனே ஒலி எழும். சாம்பிராணிப் புகைக்கும் தீப்புகைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. குளியலறை நீராவிகூட அதை ஏமாற்றிவிடும். அதனால் அடுப்புக்கு நேர் மேலேயும் குளியலறை வாசலிலும் மாட்டாதீர்கள். படுக்கையறைகளிலிருந்து வாசலுக்கு வரும் வழியில், கூரையின் நடுப்பகுதியில், மூலையை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். பூசை மாடம் அதற்கு நேர் கீழே இருந்தால் கருவியைச் சற்று நகர்த்துங்கள், கழற்றாதீர்கள். எங்கள் வீட்டில் நாலு அடி தள்ளி மாட்டினோம். சாம்பிராணி போடும்போது சன்னலைத் திறந்து வைக்கிறோம். அப்புறம் சண்டையே இல்லை.

மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இடைவெளி விட்டு ‘கீச்’ என்று குரல் கொடுத்தால் பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். பேட்டரி பத்து வருடம் வரும் என்று போட்டிருக்கும் கருவிகளில் அதைத் தனியாக மாற்ற முடியாது, காலம் முடிந்ததும் முழுக் கருவியையும் மாற்ற வேண்டும்.

சரி, விறகடுப்பு? பொங்கல் நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். அடுக்குமாடி வீட்டுக்குள் விறகோ கரியோ மூட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புகைபோக்கி கிடையாது, பக்கத்து வீட்டுச் சன்னல் கைக்கெட்டும் தூரம். அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைச் சாத்திய அறையில் தணல் கனன்றுகொண்டிருந்தால் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மேலே சொன்ன கருவி புகையைத்தான் பார்க்கும், இந்த வாயுவை அது கண்டுபிடிக்காது.

வாசலுக்கு வெளியே, பொதுத் தாழ்வாரத்தில் வைக்கலாமா? அதுவும் வேண்டாம். அது தப்பிச் செல்லும் வழி. குறைந்தது 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி போல எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களும் அங்கே இருக்கக் கூடாது. விறகுக் கட்டு மட்டும் எப்படி விதிவிலக்காகும்? புளோக்கின் கீழ்த்தளத்தில் சேர்ந்து பொங்கல் வைக்க ஆசை இருந்தால் முதலில் நகர மன்றத்திடம் கேளுங்கள். பூங்காவில் நெருப்பு மூட்டுவதானால், ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற இடங்களில் அதற்கென்று கட்டிய அடுப்புத் திட்டுகளை முன்பதிவு செய்து பயன்படுத்தலாம். புல்தரையில் கல் கூட்டி மூட்டக் கூடாது. கோயில்களிலும் சமூக மன்றங்களிலும் நடக்கும் பொங்கலுக்குப் போனால் பானை பொங்கி வழிவதைப் பிள்ளைகள் கிட்டே நின்று பார்க்கலாம்.

வீட்டில் எரிவாயு அடுப்பிலேயே பொங்கட்டும். ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். கவனிக்காமல் விட்ட அடுப்பு இங்கே வீட்டுத் தீ விபத்துகளுக்கு முக்கியக் காரணம். முறுக்குச் சுடும்போது சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் சிதறித் தீ கூரை வரை எழும்பும். கை எட்டினால் எரிவாயுவை அணையுங்கள், மூடியால் சட்டியை மூடுங்கள், சூடு முழுவதும் ஆறும்வரை திறக்காதீர்கள். எட்டவில்லை என்றால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, மின்தூக்கியை விட்டுப் படிக்கட்டில் இறங்குங்கள். 995ஐ வெளியே வந்து அழைக்கலாம்.