கிரியேட்டினின் நார்மல், ஆனாலும் உப்பு ஒழுகுகிறது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பற்றவைக்கும்போது விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்கின்றன. ராத்திரியில் கெண்டைக்கால் பிடிக்கிறது. ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. சும்மாவே கல் உப்பை வாயில் போட்டுக்கொள்வார். ரத்த அழுத்தம் எப்போதும் குறைவு. சித்திரை வெயில் வந்தால் எல்லாமே கூடுகிறது. ஆர்.எஃப்.டி. என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை எடுத்தால் யூரியா, கிரியேட்டினின் இரண்டும் சரி. கிட்னியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

ரிப்போர்ட்டில் தப்பில்லை. அது சிறுநீரகத்தின் பாதி வேலையைத்தான் அளந்திருக்கிறது. இவருக்கு இருப்பது கிடெல்மன் நோய்க்குறியாக இருக்கலாம்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடித்தெடுக்கின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு மட்டும் ஒரு கிலோவுக்கு மேல். ஆனால் வெளியே போவது ஒன்றரை லிட்டர் சொச்சம்தான். மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது. பட்டறைத் தூசியைக் கூட்டி அலசி வெள்ளியை மீட்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். கிரியேட்டினின் சொல்வது வடிக்கும் வேகத்தை. மீட்பு ஒழுங்காக நடக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

கிடெல்மன் நோய்க்குறியில் கெடுவது இந்த மீட்புதான். 1966-ல் அமெரிக்க மருத்துவர் ஹிலல் கிடெல்மனும் சகாக்களும் விவரித்த பரம்பரை நோய் இது. ஐரோப்பியக் கணக்குப்படி சுமார் 40,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். சிறுநீரக நுண்குழாயின் பின்பகுதியில் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. எஸ்.எல்.சி.12ஏ3 என்ற மரபணு பழுதானால் அது சரியாக வேலை செய்யாது. பி.பி.க்குக் கொடுக்கும் தயசைடு மாத்திரை அடைப்பதும் இதே புரதத்தைத்தான். அதாவது, பிறந்ததிலிருந்து அந்த மாத்திரையைத் தின்றுகொண்டிருப்பது போன்ற நிலை.

உப்பு போனால் கூடவே நீரும் போகும். ரத்தத்தின் கொள்ளளவு குறைவதைக் கண்டு உடம்பு ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனைக் கூட்டுகிறது. அது குழாயின் கடைசிப் பகுதியில் சோடியத்தைக் கொஞ்சம் மீட்டுத் தருகிறது, ஆனால் பதிலுக்குப் பொட்டாசியத்தையும் அமிலத்தையும் வெளியே தள்ளிவிடுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் இயல்பின் கீழ்வரம்பான 3.5-க்கும் (லிட்டருக்கு மில்லிமோல்) கீழே போவது இப்படித்தான். மெக்னீசியமும் அந்தப் பழுதான புரதம் இருக்கும் பகுதியில் ஒழுகுகிறது. தசை இழுப்பில் அதற்கும் பங்குண்டு. சிறுநீரில் கால்சியம் மட்டும் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும், டாக்டருக்கு நல்ல துப்பு அது.

ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று வெட்டியெடுக்கிறார்களே மேக்னசைட், அது மெக்னீசியம் கார்பனேட். அப்படிப்பட்ட ஊரிலும் ரத்தத்தில் மெக்னீசியம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் லேபில் பெரும்பாலும் தனியாகத்தான் கேட்க வேண்டும்!

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். இருவரும் ஒவ்வொரு பழுதை நோயில்லாமல் சுமக்கிறவர்களானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிற நம் பக்கத்தில், ஒரே பழுது இரு வழியாகவும் வந்து சேர்வது எளிது. அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் பொட்டாசியம் பார்த்துவிடுவது நல்லது.

சிகிச்சையில்தான் வேடிக்கை. கிட்னி நோய் என்றாலே உப்பைக் குறை, இளநீரைத் தொடாதே என்று தெருவே அறிவுரை சொல்லும். செயலிழந்த சிறுநீரகத்துக்கு அது சரி. இவருக்கோ டாக்டரே உப்பைத் தாராளமாகச் சேர்க்கச் சொல்வார், பொட்டாசியம் நிறைந்த இளநீரையும் பழத்தையும் தடுக்கமாட்டார். இதோடு பொட்டாசியம் குளோரைடும் மெக்னீசியமும் மருந்தாகவே வேண்டும். மெக்னீசியம் மாத்திரையை ஒரேயடியாகப் போட்டால் வயிற்றைக் கலக்கும் என்பதால், பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு வடிகட்டும் திறன் பல ஆண்டுகளுக்கு நன்றாகவே இருக்கும்.

பயப்பட வேண்டியது வாந்தி, பேதிக்கு. ஏற்கெனவே குறைந்திருக்கும் பொட்டாசியம் மளமளவென்று இறங்கி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ட்ரிப் போட வேண்டிவரும். அந்த நேரத்தில் பார்க்கிற டாக்டர் புதியவராக இருக்கலாம். நோயின் பெயரையும் தன் வழக்கமான பொட்டாசிய அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வைத்திருந்தால், கிரியேட்டினினைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு அனுப்பமாட்டார்.