சுருதி: வாசிப்பதா, சேர்ப்பதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கோயில் திருவிழா அழைப்பிதழ்களில் 'சுருதி வாசிப்பவர்' என்று அவ்வப்போது கண்ணில் படுகிறது. பாட்டைப் பாடலாம், ராகத்தை வாசிக்கலாம். சுருதியோ அவை நிற்கும் தரை. அதற்கு வேறு வினை வேண்டும்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது, கேட்டல் என்ற வேர். செவிவழி வந்ததால் வேதத்துக்கும் இதே பெயர். இசையில் இரண்டு பொருள். ஒன்று, ஏழு சுரங்களுக்குள் பகிரப்படும் 22 நுண் இடைவெளிகள். இதற்கு 'அலகு' என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது, தயங்காமல் எழுதலாம். (இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்ற நூலில் 24 என்று வாதிட்டார்.) மற்றது, பாட்டுக்கு அடியில் ஓயாமல் ஒலிக்கும் ஆதார ஒலி. வினைச் சிக்கல் இங்கேதான்.

இதற்கு வழக்கில் உள்ள வினை 'சேர்'. மிருதங்கக்காரரைக் கவனியுங்கள். கல்லும் புள்ளுமாக (புள்ளு என்பது சிறு மரக்கட்டை) விளிம்பைத் தட்டுவார், வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, விரலால் தட்டிக் கேட்பார், இடம் மாற்றி மறுபடி தட்டுவார். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். சுற்றிலும் ஒரே ஒலி வந்து ஆதார சட்சத்தோடு ('ச' என்னும் முதல் சுரத்தோடு) கலந்ததும் சுருதி சேர்ந்துவிட்டது. ஆக, அவர் சுருதி சேர்க்கிறார், மிருதங்கம் சுருதி சேர்கிறது. 'மிருதங்கம் சுருதி சேர்த்தது' என்று எழுதினால் பிழை.

'சுருதி கூட்டினார்' என்பதும் நல்ல வழக்குதான். ஆனால் உயர்த்தினார் என்றும் படிக்க இடமுண்டு. உயர்த்தியதைச் சொல்ல 'அரைக் கட்டை ஏற்றினார்' என்பதே தெளிவு. கட்டை என்பது ஆர்மோனியக் கட்டை. பஜனைக்கு உட்காரும்போது, "எத்தனை கட்டை அண்ணே?" "ரெண்டரை வெச்சிக்கோ தம்பி" என்கிறோமே, அதேதான்.

பாடுபவருக்கு வந்தால் 'சுருதியில் நிற்கிறார்', 'சுருதி விலகுகிறது'. இந்த 'நில்' பழையது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 'குழல்வழி நின்றது யாழே' என்று ஒரு கருவி இன்னொன்றின் வழியே நிற்கிறது.

சரி, தமிழ்ச்சொல்? 'கேள்வி' என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தும். அதே காதையில் 14 நரம்புள்ள யாழையே 'செம்முறைக் கேள்வி' என்கிறார் இளங்கோ. ஆனால் இன்று 'கேள்வி சேர்த்தார்' என்று எழுதினால் யாருக்கும் இசை நினைவு வராது. எனக்குப் பிடித்தது 'ஒத்து'. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒலியை விடாமல் தரும் குழல் அது, அதற்கு வினை 'ஊது'. 'அவனுக்கு ஒத்து ஊதுறான்' என்று நாம் திட்டுவது இங்கிருந்து வந்ததுதான். இப்போது பல கச்சேரிகளில் அதன் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. பெட்டியைப் 'போடு' என்றோ 'வை' என்றோ சொன்னால் போதும்.

அழைப்பிதழ் அடிப்பவர்கள் 'சுருதி' என்று போட்டு எதிரே பெயரை மட்டும் எழுதலாம், வினையே தேவையில்லை. குழல் ஊதுபவர் வருகிறார் என்றால் அந்த இடத்தில் 'ஒத்து' என்று போடுங்கள்.