புள்ளிப் பலகை எப்போது சாட்டையாகிறது?

விண்டோஸ் 7 வெளிவரும் முன் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு தலைவலி இருந்தது. மென்பொருள் பல மொழிகளில் வரப்போகிறது. திரையில் தோன்றும் ஒவ்வொரு வரியும் சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறதா என்று அந்தந்த மொழிக்காரர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். கண் எரியும், சலிப்புத் தட்டும் வேலை. அதை அவர்கள் விளையாட்டாக்கினார்கள். தப்பைக் கண்டுபிடித்துக் குறித்தால் புள்ளி, யார் முன்னணியில் இருக்கிறார் என்று ஒரு பட்டியல். அவ்வளவுதான். 4,500 பேருக்கு மேல் தாமாகவே வந்து, சுமார் 5 லட்சம் திரைகளைப் பார்த்துத் தள்ளினார்கள்.

இது எப்படி நடக்கிறது? அலுவலக வேலையில் நாம் செய்தது சரியா தப்பா என்று தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். விளையாட்டில் அடுத்த நொடியே தெரிந்துவிடும். வெகுமதியோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருள் டோபமைன். அதைச் சுரக்கும் நரம்பு செல்களை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளில் ஆராய்ந்தார். எதிர்பாராத பழச்சாறு கிடைத்தால் அவை துடிப்பாக இயங்கின. எதிர்பார்த்த சாறு எதிர்பார்த்தபடியே வந்தால் பெரிய மாற்றமில்லை. வராமல் போனால் இயக்கம் சட்டென்று குறைந்தது. தினமும் அதே பத்துப் புள்ளி கொடுத்தால் கொஞ்ச நாளில் அலுத்துப்போவதில் வியப்பில்லை. நல்ல விளையாட்டு, ஆடுபவரின் திறமை கூடக் கூடச் சவாலையும் கூட்டிக்கொண்டே போகும்.

சரி, புள்ளிப் பலகை மாட்டினால் போதுமா? கலிஃபோர்னியாவின் அனஹைமில், டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைக்கூடத்திலும் பெரிய திரைகள் வைத்தார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவருடைய வேகம் தெரியும். இலக்கைத் தொட்டால் பச்சை, பின்தங்கினால் மஞ்சள், இன்னும் பின்தங்கினால் சிவப்பு. வேகம் குறையுமே என்று கழிப்பறைக்குப் போகக்கூடச் சிலர் தயங்கினார்கள். 2011இல் செய்தி வெளியே வந்தபோது, தொழிலாளர்கள் அந்தத் திரைக்கு வைத்திருந்த பெயரும் தெரிந்தது: 'மின்னணுச் சாட்டை'. படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. அங்கேயும் உடனடி பதில் இருந்தது, பட்டியலும் இருந்தது. விலகி நிற்கும் உரிமை மட்டும் இல்லை.

வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியின் ஈத்தன் மாலிக்கும் நான்சி ராத்பார்டும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர்களுக்குக் கூடைப்பந்து பாணியில் ஒரு விளையாட்டு. மனதார ஒப்புக்கொண்டு ஆடியவர்கள் வேலையில் மகிழ்ச்சியாக உணர்ந்தார்கள். ஒப்புதல் இல்லாதவர்களுக்கோ அந்த விளையாட்டால் மனநிலை இன்னும் கெட்டது. அந்த ஒப்புதலை அவர்கள் அளந்த விதம் எளிமையானது: விதிகள் புரிகின்றனவா, விளையாட்டை நீங்கள் கவனித்து வருகிறீர்களா, அப்புறம், இது நியாயமாகப் படுகிறதா?