காம்ப்ளிகேட்டட்: சிக்கலா, குழப்பமா?

"கேஸ் ரொம்ப காம்ப்ளிகேட்டட்" என்று வக்கீல் சொல்கிறார். டாக்டரும் அதையே சொல்கிறார். சொல்லின் வேர் லத்தீன்: 'காம்' என்றால் சேர்த்து, 'ப்ளிகாரே' என்றால் மடித்தல். மடிப்புக்குள் மடிப்பாகச் சுருட்டி வைத்தது என்று பொருள். டூப்ளிகேட்டும் அதே வேர்தான், இரண்டாய் மடித்தது. நாம் இருமடங்கு என்கிறோமே, அந்த மடங்கிலும் மடிப்பு இருக்கிறது.

தமிழில் இதற்குச் சரியான சொல் சிக்கல். பலர் குழப்பம் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டும் வேறு.

சிக்கல் 'சிக்கு' என்ற வினையிலிருந்து வந்தது: மாட்டிக்கொள்ளுதல், இறுகுதல். திருடன் சிக்கினான், தலையில் சிக்கு விழுந்தது, வயிற்றில் மலச்சிக்கல், வாசலில் சிக்குக்கோலம் என எல்லாம் ஒரே குடும்பம். மாணிக்கவாசகர் 'சிக்கெனப் பிடித்தேன்' என்றாரே, அந்த இறுக்கமும் இதுதான். தெலுங்கிலும் சிக்கு உண்டு; கன்னடத்தில் அது சிக்கு, ஸிக்கு என்று புழங்குகிறது.

குழப்பம் நீரைச் சேர்ந்த சொல். குழம்புதல் என்றால் கலங்கிப்போதல். சோற்றில் ஊற்றும் குழம்புக்கும் அதே வேர். அதனால்தான் குழப்பத்துக்கு எதிர்ச்சொல் தெளிவு. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்க, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுக் காத்திருப்பார்கள். மண் அடியில் தங்கிவிடும்.

சிக்கல் காத்திருந்தால் தீராது. என் பாட்டி தலைவாரிவிடும்போது உச்சியிலிருந்து சீப்பை இழுக்கவே மாட்டாள். நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழிருந்து கொஞ்சங்கொஞ்சமாக மேலே வருவாள். அவசரப்பட்டு இழுத்தால் முடி அறுந்துவிடும்.

தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கிறது, வாரிசுகள் பதினோரு பேர், அதில் இருவர் வெளியூர் என்றால் அது சிக்கல். யார் யாருக்கு என்ன உறவு என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு இழையாய்ப் பிரித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பத்திரத்தில் ஒரு சர்வே எண், பட்டாவில் வேறொன்று, எது நம் நிலம் என்றே தெரியவில்லை என்றால் அது குழப்பம்.

பின்னிப் பிணைந்து தலைப்பே பிடிபடாவிட்டால் இடியாப்பச் சிக்கல் என்று ஊரே சொல்கிறது. இதைவிடத் துல்லியமாக காம்ப்ளிகேட்டடுக்கு யாரும் மொழிபெயர்ப்பு தந்ததில்லை.