ஃபைபர் காருக்குப் பட்டி பார்க்காதீர்கள்

காரைக்குடி வட்டாரத்தில் கிளாஸ் ஃபைபர் பாடி கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருந்தும் எங்கள் பட்டறைக்கு வருபவை எல்லாம் ஒரே சீக்கோடுதான் வருகின்றன. வெடிப்பின் மேல் பட்டி, பட்டியின் மேல் மறுபடி வெடிப்பு, அதை மூட இன்னொரு பட்டி. சென்ற மாதம் தேவகோட்டையிலிருந்து வந்த சான் ஸ்டார்ம் ஒன்றைப் பார்த்த பிறகு, இனி ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

சான் ஸ்டார்ம் 1990களின் இறுதியில் நம் நாட்டிலேயே தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதன் பாடி ஃபைபர். வந்த காரின் ஹெட்லைட்டுக்குக் கீழே, உளியின் முனையை வைத்து லேசாகத் தட்டினோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டிப் பாளம் கழன்று கையோடு வந்தது. அதைத் திருப்பினால் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. உப்புத்தாள்கூடப் போடாமல், பழைய சிவப்பு பெயிண்டின் பளபளப்பின் மீதே பட்டியை அப்பியிருக்கிறார்கள். பாளம் இருந்த இடத்தில் நட்சத்திர வடிவ வெடிப்பு, அதற்குக் குறுக்கே ஒரு அலுமினியப் பட்டை, அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் புதிதாக ஒரு வெடிப்பு கிளம்பியிருந்தது. "ஃபைபர்தானே, பட்டி போட்டா சரியாப்போயிரும்னு சொன்னாக அண்ணே" என்றார் உரிமையாளர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்ட இடமெல்லாம் அவருக்கு இதே பதில்தான் கிடைத்திருக்கிறது.

இந்தத் தவறான எண்ணத்தைச் சற்று விரிவாகவே பிரித்துப் பார்க்க வேண்டும். தகரக் காரில் அடிபட்டால் தகடு நசுங்கும். டிங்கரிங் செய்பவர் அதைத் தட்டி நேராக்குவார், மிச்சமிருக்கும் சிறு பள்ளத்தைப் பட்டியால் நிரப்புவார். அங்கே பட்டிக்கு எந்தப் பாரமும் இல்லை. பாரத்தைத் தாங்கும் தகடு முழுசாக அடியில் இருக்கிறது. ஃபைபர் பாடி நசுங்குவதில்லை. அது வளைந்து கொடுத்துத் திரும்பும், அல்லது வெடிக்கும். வெடித்துவிட்டது என்றால், அந்த இடத்தில் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த கண்ணாடி நார்கள் அறுந்துவிட்டன அல்லது அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் என்ற பிசினிலிருந்து பிரிந்துவிட்டன என்று பொருள். பட்டி என்பது ரெசினில் குழைத்த டால்க் மாவு. அதில் நார் என்று ஒன்று கிடையாது. அறுந்த நாருக்குப் பதிலாக மாவை வைத்துவிட்டு, எஞ்சின் அதிரும்போதும் கதவை அறைந்து சாத்தும்போதும் அது தாங்கும் என்று எதிர்பார்க்கிறோம். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் அஸ்திவாரம் இறங்கிச் சுவர் வெடித்திருக்கும்போது, அதைக் கவனிக்காமல் மேலே முட்டைச் சாந்து பூசி மெருகேற்றினால் எத்தனை நாள் நிற்கும் என்று எந்தக் கொத்தனாரையும் கேட்டுப் பாருங்கள்.

நார்தான் இந்தப் பாடியின் உயிர் என்பதற்கு அந்தக் கார்களின் வரலாறே சான்று. 1953இல் அமெரிக்காவின் செவ்ரோலே நிறுவனம் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை ஃபைபர் பாடியுடன் வெளியிட்டது. முதல் ஆண்டில் கையால் கட்டப்பட்டவை 300 கார்கள் மட்டுமே. 1957இல் அறிமுகமான லோட்டஸ் எலீட் இன்னும் ஒரு படி மேலே போய், தனிச் சேஸிஸ் இல்லாமல் ஃபைபர் கூட்டையே காரின் முதுகெலும்பாக ஆக்கியது. நம் நாட்டில் 1980களில் ஓடிய சிபானி டால்பினும் ஃபைபர் பாடிதான். இவற்றில் எதையும் டால்க் மாவை நம்பி யாரும் கட்டவில்லை. பட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேட் எனப்படும் கண்ணாடி நார் விரிப்பைப் போட்டு, தேய்த்து, வடிவம் முழுவதும் வந்த பிறகு, கடைசியாகச் சமன் செய்வதற்காகத் தாள் கனத்துக்கு இழுக்கும் பட்டிக்கு எந்தக் குற்றமும் இல்லை.

நட்சத்திர வெடிப்பு எப்போதும் பின்பக்கத்துச் செய்தியைத்தான் முன்பக்கம் சொல்கிறது. ஜெல்கோட் எனப்படும் வெளித்தோல் கெட்டியானது, வளையாது. பின்னாலிருந்து ஏதோ இடித்திருக்கிறது, அல்லது ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். ஆகவே வேலை தொடங்கும் முன் பாடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். சேறும் தாரும் அப்பியிருந்தால் சுரண்டிவிட்டுப் பாருங்கள். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முடிவதில்லை. தேய்க்கத் தேய்க்க அது நீண்டுகொண்டே போகும், அதன் நுனியைக் கண்டுபிடிக்கும் வரை தேய்த்தாக வேண்டும்.

சரியான முறை இதுதான். வெடிப்பைச் சுற்றி இருபுறமும் சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும். பாரம் தாங்கும் இடமென்றால் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு இருப்பது நல்லது. அதாவது 3 மில்லிமீட்டர் கனமுள்ள பாடிக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். இதைச் சொன்னால் உரிமையாளர்கள் பதறுகிறார்கள், "சின்ன வெடிப்புக்கு இவ்வளவு பெரிய பள்ளமா" என்கிறார்கள். பாடியில் உள்ள பழைய பாலியஸ்டர் ரெசினோடு புதிய ரெசின் ரசாயன முறையில் ஒன்றாகிவிடாது. சொரசொரப்பான பரப்பைக் கவ்விக்கொண்டுதான் நிற்கும். பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு. முடிந்தால் உள்பக்கத்திலிருந்து முதலில் மேட் போட்டு, அது இறுகிய பிறகு வெளிப்பக்கம் வாருங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் தரும். பழைய கனத்துக்கு எத்தனை அடுக்கு வேண்டுமோ அத்தனைதான், அதற்கு மேல் வேண்டாம்.

தொண்டிப் பக்கம் ஃபைபர் படகு கட்டும் தொழிலாளர்கள் மேட்டையும் ரெசினையும் கையாளுவதைப் பார்த்தால், நம் ஊர்க் கார் பெயிண்டர்கள் பலரைவிட அவர்களை நம்பலாம் என்பேன். ரோலரை உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றும் பழக்கம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: அலையைத் தாங்கப் படகுக்குப் போடும் கனத்தைக் கார் கதவுக்கும் போட்டுவிடுவார்கள். அப்புறம் கீல் தொங்கும்.

ரெசின் எது என்பதிலும் கவனம் வேண்டும். பழைய பாலியஸ்டர் பாடியின் மேல் எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஒருமுறை எபாக்ஸி போட்ட இடத்தின் மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. வழக்கமான மேட்டில் நார்களை ஒட்டி வைத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது. எபாக்ஸி என்றால் நெய்த துணியை எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கார்வெட் யாரிடமாவது இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1970களின் தொடக்கத்திலிருந்து வந்த பேனல்கள் வேறு வகைக் கலவையை அச்சில் அழுத்திச் செய்யப்பட்டவை, அவற்றில் சாதாரண பாலியஸ்டர் ஒட்டுப்போட்டால் உரிந்து வரும்.

பெயிண்டை உரிப்பதில் நடக்கும் கொடுமைகள் தனி. தகரக் காருக்குப் பயன்படுத்தும் பெயிண்ட் ரிமூவரைத் தடவினால் அது பெயிண்டோடு நிற்காமல் ரெசினையும் ஊறவைத்துவிடும். மணல் பிளாஸ்டிங் ஜெல்கோட்டைக் கிழித்து நாரை வெளியே கொண்டுவந்துவிடும். புளோ லாம்ப் பற்றிப் பேசவே வேண்டாம். உப்புத்தாளும் பொறுமையும்தான் வழி. அதற்குக் கூலி கூடத்தான் ஆகும்.

"ஃபைபர் துருப்பிடிக்காதே, மழையில நின்னா என்ன" என்று சொல்பவர்களும் உண்டு. பாடி துருப்பிடிக்காது, உண்மைதான். அடியில் இருப்பது எஃகு. 1962இல் வந்த லோட்டஸ் எலானுக்கு நடுவில் ஓடும் சேஸிஸ் எஃகு. 1963 முதல் கார்வெட்டின் ஃபைபர் தோலுக்கு உள்ளே இருக்கும் கூண்டும் எஃகு. கதவுக் கீலைத் தாங்கப் பாடிக்குள் புதைத்திருக்கும் தகடுகளும் அப்படியே. வெளியே பளபளப்பு குறையாததால் உள்ளே அரித்துக்கொண்டிருப்பது யாருக்கும் தெரிவதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கார் கொட்டகைக்குள் பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி வைக்கிறார்கள். உள்ளே வியர்த்து, எஃகும் கெடுகிறது, ஜெல்கோட்டும் கொப்பளிக்கிறது. பருத்தித் துணி உறை போட்டு, காற்று உலவும்படி வையுங்கள். ஜாக்கியைச் சேஸிஸில் கொடுங்கள், பாடி ஓரத்தில் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் உண்டு, அதன் முனையில்தான் துரு ஏறும். விளக்கு மங்கினால் பல்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் அந்த முனையைச் சுத்தம் செய்யுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டில் தாமாகவே செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களும், கடையில் ரெசின் வாங்கி உதவியாளர் கையில் கொடுத்துவிடும் பட்டறைக்காரர்களும் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். நம் கடைகளில் ரெசினோடு இரண்டு சிறு புட்டிகள் தருவார்கள்: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் ஊதா நிறக் கோபால்ட், ரெசினை இறுகவைக்கும் நிறமில்லாத ஹார்டனர். இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, வேலை தொடங்கும்போதுதான் ஹார்டனரை விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் கிண்ணம், ஒரே குச்சி என்பதும் கூடாது. ஹார்டனர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.

ரெசினில் உள்ள ஸ்டைரீனின் ஆவி 31 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பொறி பட்டால் பற்றும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிழலிலேயே அதைவிட அதிகம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஷெட்டில் பக்கத்தில் வெல்டிங் ஓடுகிறது, வாசலில் பீடி பற்றவைக்கிறார்கள்! கோடையில் இன்னொரு தொல்லை: ஒரு கிலோ ரெசினை மொத்தமாகக் கலந்தால் தூரிகையை நனைக்கும் முன்பே டப்பாவுக்குள் கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். அதற்குப் பயந்து ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துவிடுகிறார்கள். ரெசின் எடையில் 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகவே இறுகாது, மேலே போட்ட பெயிண்டை மாதங்கள் கழித்துக் கெடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, விடியற்காலையில் வேலையை முடியுங்கள்.

தேய்க்கும்போது பறக்கும் தூசிக்குத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. தூசிக்குக் குறைந்தது என்95 வேண்டும். ஸ்டைரீன் ஆவிக்கு அதுவும் போதாது, கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். முழுக்கைச் சட்டை போடுங்கள். அரிப்பு எடுத்தால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம், சொறியவும் வேண்டாம். உங்களிடம் வேலை பார்க்கும் பையன்கள் உங்களிடம் முகமூடி கேட்கத் தயங்குவார்கள். தயவுசெய்து நீங்களாகவே வாங்கிக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். புதிதாகப் போட்ட மேட் வாரக்கணக்கில் மெல்ல இறுகிச் சுருங்கும். அதற்கு முன் கறுப்போ கருநீலமோ அடித்துவிட்டு வெயிலில் நிறுத்தினால், நாரின் தடம் அப்படியே மேலே தெரியும். சில வாரங்கள் வெயிலில் காயவிட்டு, மறுபடி சமன் செய்து, பிறகு பிரைமருக்குப் போங்கள். தகரக் காரைச் சுடும் சூட்டில் ஃபைபரை ஓவனுக்குள் விடாதீர்கள்.

கார் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பெயிண்டரிடம் வண்டியை விடும்போதே, பிரைமர் அடிக்கும் முன்பு ஒருமுறை உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். போய் ஒட்டுப்போட்ட இடத்தின் உள்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மேட் தெரியவில்லை என்றால் முன்பணத்தோடு நிறுத்திக்கொண்டு வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.