மணிக்கட்டு வார்: ‘ரிஸ்ட் ஸ்லிங்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

வில்வித்தைப் பயிற்சிக் களங்களில் ‘ரிஸ்ட் ஸ்லிங்’ என்று வழங்குவது, வில்லேந்திய கையின் மணிக்கட்டைச் சுற்றி வில்லோடு தளர்வாக இணைந்திருக்கும் ஒரு வளையக் கட்டு. அம்பு விடுபட்டதும் முன்னோக்கித் துள்ளும் வில் தரையில் விழாமல் தடுப்பதே அதன் வேலை. வில்லை இறுகப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று புதிதாக வருவோர் கேட்பதுண்டு. இறுகப் பிடிக்கக் கூடாது என்பதால்தான் இக்கட்டு வேண்டியிருக்கிறது. கட்டைவிரலின் அடிச்சதையில் வில்லின் பிடி அழுந்தி நிற்க, ஏனைய விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். நாணை விடும் நொடியில் அவை இறுகினால் வில் சற்றே திருகி, அம்பு பக்கவாட்டில் விலகிவிடும். வில் விழுந்துவிடுமோ என்ற அச்சம் உள்ளவரை விரல்கள் தாமாகவே இறுகும்.

எறிதலோடு தொடர்புடைய ‘ஸ்லிங்’ என்னும் ஆங்கிலச் சொல், கல்லெறியும் கருவியையும், பாரம் தூக்கும் கட்டையும், அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து தாங்கும் துணியையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே அகராதியைப் புரட்டியதும் கண்ணில் படும் ‘கவண்’ இங்கே பொருந்தாது. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் பரண்மீதிருந்து கிளி ஓட்டிய மகளிர் கையாண்ட கருவி அது. நீலகிரியிலோ பழனி மலையிலோ பிறந்த பிள்ளையிடம் ‘மணிக்கட்டுக் கவண்’ என்றால், கல் எங்கே என்றுதான் கேட்கும். ‘தூளி’ என்பதும் ஒவ்வாது; தூளி எடையைத் தொடர்ந்து சுமப்பது, இதுவோ நழுவும்போது மட்டும் பிடிப்பது.

‘காப்பு’ என்னும் சொல்லுக்குக் கைவளை, பாதுகாப்பு என்னும் இரு பொருளும் உண்டாதலால் முதலில் அதுவே அழகாகத் தோன்றும். ஆனால் நாண் உரசாதபடி முன்கையில் அணியும் உறையைக் கைக்காப்பு என்பதே இயல்பு. இரண்டும் ஒரே கையில் இருப்பவை. பெயர் மயங்கினால் பயிற்சியாளர் ஒன்றைக் கேட்க மாணவர் மற்றொன்றை எடுத்து நீட்டுவார்.

‘மணிக்கட்டு’ என்னும் சொல்லில் தயக்கத்துக்கு இடமில்லை. வடமொழியிலும் இவ்வுறுப்புக்கு மணிபந்தம், அதாவது மணி கட்டும் இடம், என்றே பெயர். அதனோடு சேர ‘வார்’ என்பதே தக்கது என்பது என் முடிவு. முரசின் தோலை இழுத்துக் கட்டிய தோற்பட்டையைப் பழந்தமிழ் வார் என்றது. இன்று செருப்பு வார், பை வார் என்று தோலல்லாதவற்றுக்கும் அச்சொல் வழங்குவதால், நைலான் கயிற்றில் செய்ததையும் தயங்காமல் மணிக்கட்டு வார் எனலாம். வில்லின் முன்புறத் திருகில் நிலையாகப் பொருத்திக் கையை நுழைத்துக்கொள்ளும் வகையை வில் வார் என்றும், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வில்லின் முன்னால் இணைக்கும் சிறு கயிற்றை விரல் வார் என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் இராது. விரல் வாருக்கு ஒரு ஷூ லேஸே போதும்.

வில் வாரைப் பலர் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள ‘பாராகார்டு’ என்னும் நைலான் கயிற்றால் தாமே பின்னிக்கொள்கிறார்கள். நெருக்கமாகப் பின்னினால் ஓரங்குலப் பின்னலுக்கு ஏறத்தாழ ஓரடிக் கயிறு பிடிக்கும். இரு முனைகளையும் துளையிட்ட தோல் துண்டொன்றில் சேர்த்து, ‘ஸ்டெபிலைசர்’ என்னும் நிலைப்படுத்தும் தண்டின் திருகு அத்துளை வழியே செல்லும்படி பொருத்த வேண்டும். அத்திருகு பெரும்பாலும் 5/16 அங்குலம் என்பதால் 8 மில்லிமீட்டர்த் துளை போதுமானது. முழுவதும் தோலில் செய்த வார் கைக்கு இதமானதுதான்; ஆனால் தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வெயில் காணாத ஊட்டியிலும் கூடலூரிலும் அது பூஞ்சணம் பூத்து விறைத்துப் போகும். விரைவில் உலரும் நைலானே இங்கு நல்லது.

நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது வார் புறங்கையை அழுத்தாமல், சற்றுத் தொய்ந்திருக்க வேண்டும். இறுக்கமான வார், இறுகிய விரல்களைப் போலவே வில்லைத் திருகும். குளிர்காலக் காலையில் ஸ்வெட்டர் கையின்மேல் அளவு பார்த்துக் கட்டிய வார், வெயில் ஏறி ஸ்வெட்டரைக் கழற்றியதும் தொளதொளவென்று ஆகிவிடும். ஆகையால் நகர்த்தி இறுக்கக்கூடிய முடிச்சோ கொக்கியோ உள்ள வாரையே மலையில் இருப்போர் தேர்ந்துகொள்ள வேண்டும்.